மலைக் கோயிலும் பள்ளத்தாக்குச் சபையும்: கிறிஸ்தவ வாழ்வில் ஆத்மீக வளர்ச்சி பற்றி ஓர் ஆராய்ச்சி

சின்னமனூரை விட்டுப் புறப்பட்ட பேருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, கீழே விட்டுவந்த வெயில் நினைவுக்கும் எட்டாதபடி மூடுபனிக்குள் நுழையும் இடத்தில், மணலாறு என்றும் வெண்ணியாறு என்றும் இரவங்கலாறு என்றும் பெயர் பூண்ட மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் வரிசை முடியும் மேட்டில், தகரக் கூரை போட்ட சிறு ஜெபக்கூடம் ஒன்றில் ஒரு ஞாயிறு மாலை நான் அமர்ந்திருந்தேன். குருவானவர் மாதத்திற்கு ஒருமுறை வந்தால் பெரிது என்னும் அவ்விடத்தில், ஆராதனையை நடத்தியவர் உபதேசியாரே. அவர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, இத்தனை வருஷமாகக் கோயிலுக்கு வருகிறோமே, நம்மிடத்தில் என்ன வளர்ந்திருக்கிறது என்று சபையாரைக் கேட்டார். ஒருவர் தாம் மனப்பாடம் செய்த சங்கீதங்களைச் சொன்னார். ஒருவர் விடாமல் காத்துவரும் வெள்ளிக்கிழமை உபவாசத்தைச் சொன்னார். தீராத வயிற்றுவலி ஜெபத்தால் தீர்ந்ததை ஒருவர் சாட்சியாகக் கூறினார். கடைசியில், முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து, பெருவிரலும் சுட்டுவிரலும் கறையேறிக் கறுத்துப்போன ஒரு மூதாட்டி, எழுந்திராமலே பேசினார். முன்பெல்லாம் கங்காணி ஏசினால் இரவு முழுவதும் அவனையும் அவன் பிள்ளைகளையும் சபித்துக்கொண்டு விழித்துக் கிடந்ததாகவும், இப்போது கர்த்தருடைய ஜெபத்தை ஒருமுறை சொன்னதும் உறக்கம் வந்துவிடுவதாகவும், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் முகத்தை நேரே பார்த்து, நீ நிறுத்தது குறைவு என்று கோபமில்லாமல் சொல்ல முடிவதாகவும் அவர் கூறினார்.

கிறிஸ்தவ வாழ்வில் ஆத்மீக வளர்ச்சிக்குத் துணை செய்வன யாவை, தடை செய்வன யாவை என்னும் வினாவைக் குறித்து நான் படித்த நூல்கள் பல. அந்த மூதாட்டியின் விடையில் அமைந்திருந்த தெளிவை அவற்றில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஏனெனில் மற்றவர்கள் சொன்னவை யாவும் தமக்கும் தேவனுக்கும் இடையே நடந்தவை. அவர் சொன்னதோ தமக்கும் தமக்கு விரோதியாய் நின்ற மனிதனுக்கும் இடையே நடந்தது. பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனிகளை வரிசைப்படுத்தும்போது, அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம் என்று அவற்றுட் பெரும்பாலானவை அயலான் ஒருவன் எதிரே இருந்தாலன்றி வெளிப்பட வழியில்லாத குணங்களாகவே இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். வளர்ச்சி உள்ளத்தில் வேர்கொள்வது மெய். ஆனால் அதை அளக்கும் கோல் உள்ளத்தினுள் இல்லை. இந்த ஓர் உண்மையை மறந்ததனாலேயே துணைகள் எனக் கருதப்பட்டவை பல தடைகளாக மாறின என்பதும், தடைகளிலெல்லாம் பெரிய தடை எதுவோ அதைத் தடையென்றே எண்ணாமல் நூற்றாண்டுகள் கழிந்தன என்பதும் என் துணிபு.

வழிவழியாக வந்த விடை நாம் அறிந்ததே. ஜெபம், வேத வாசிப்பு, திருவிருந்து, பரிசுத்தவான்களின் ஐக்கியம் ஆகியவை துணைகள். உலகம், மாம்சம், பிசாசு ஆகிய மூன்றும் தடைகள். இவ்விடையில் பிழை ஏதுமில்லை. திண்டுக்கல்லிலோ கம்பத்திலோ உள்ள எளிய விசுவாசி ஒருவனிடம் அது எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்பதே ஆராயத் தக்கது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், பெரியகுளத்தில் ஒரு நிலையத்தை அமைத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கு வந்துபோயினர். தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த ஞானப்பாட்டுக்கள் மேனாட்டு இராகங்களில் அமைந்தவை. சொல் தமிழாயிருந்தும் இசை அந்நியமாயிருந்தமையால், பாடுகிறவன் வாயோடு அவை நின்றுவிட்டன. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் இராக தாளங்களோடு இயற்றிய கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் அச்சிட்டு வெளியிட்டபோது, நாட்டுப்புறச் சபைகளில் விளைந்த மாறுதலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். எழுத்தறியாதவன் வயலில் ஏர் பிடித்துக்கொண்டே பாடக்கூடிய சித்தாந்தம் அவனுக்கு அன்றுதான் கிடைத்தது. அதன் பின்னர், 1894இல், வைணவப் பின்னணியிலிருந்து வந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் யாத்திரைக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை வெளியிட்டார். ஆத்மா தன் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டு, சேற்றிலும் சிறையிலும் சந்தையிலும் தடைபட்டு முன்னேறும் அக்கதையை, கம்பன் காட்டிய காவிய மரபில் தமிழன் படித்தபோது, வளர்ச்சி என்பது ஒரு நாளில் கிடைக்கும் பேறன்று, நடந்தே கடக்க வேண்டிய வழி என்னும் உணர்வு அவனுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. தாய்மொழியும் தாய்மொழியின் இசையும் ஆத்மீக வளர்ச்சிக்குச் செய்யும் உதவியை இறையியல் நூல்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்பது என் குறை.

அடுத்து ஆராய வேண்டியது மேய்ப்பனைப் பற்றியது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் திருமண்டிலத்தின் முதற் பேராயராக அமர்ந்த லெஸ்லி நியூபிகின், 1959 வரை அத்திருமண்டிலத்தில் பணியாற்றினார். 1951இல் வெளிவந்த அவருடைய தென்னிந்திய நாட்குறிப்பு, ஊர் ஊராகச் சென்று மண்சுவர்க் கோயில்களில் சிறு சபைகளைச் சந்தித்த ஒருவரின் குறிப்பு. ஒரு குருவானவருக்குப் பல ஊர்கள், ஓர் ஊருக்கு ஆண்டில் சிலமுறையே திருவிருந்து என்னும் நிலையில், அச்சபைகள் அழியாமல் நின்றது எதனால்? அறிஞர் பலர் இங்கே உபதேசியாரைச் சுட்டுவர்; நானும் சுட்டுகிறேன். ஆனால் உபதேசியாருக்குப் பின்னால், மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் செய்த தாயும், உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுவந்த பாட்டியும் நிற்கிறார்கள். பிடி அரிசியின் விலை சொற்பம். ஆயினும் பசியுள்ள வீட்டில் நாள் தவறாமல் எடுத்துவைக்கப்படும் அந்தப் பிடி, ஆண்டுக்கொருமுறை கேட்கும் பெரும் பிரசங்கத்தைக் காட்டிலும் மனத்தை ஆழமாக உழுகிறது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் தம் சொந்தப் பணத்தில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவினார்கள் என்றால், அதற்கான பயிற்சி இத்தகைய பானைகளிலேதான் நடந்தது. அச்சங்கத்தை நிறுவியோருள் முதன்மையானவரும் 1912இல் தோர்ணக்கல் பேராயரானவருமாகிய வே. ச. அசரியா, ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்துச் சுவிசேஷத்தை அறிவிக்கும் கடமையைத் தம் வாயாலேயே ஏற்கும்படி செய்தார் என்பர். வாங்குகிறவனாக மட்டுமே வைக்கப்பட்ட விசுவாசி வளரமாட்டான். கொடுக்கக் கற்றவனே வளர்வான் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

எழுப்புதல் கூட்டங்களைப் பற்றியும் நடுநிலையோடு ஆராய வேண்டும். மேகமலைக்குக் கிழக்கே வருஷநாட்டுப் பள்ளத்தாக்கையும் அதற்கப்பாலுள்ள மலைமுகட்டையும் கடந்தால், கீழ்ச் சரிவின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு இருக்கிறது. வத்திராயிருப்புக்கு அருகே 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை அமைத்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியுஸ் ஐயரிடம் கல்வி கற்று, அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேய ஊழியரோடு பிரயாணம் செய்து, எந்தச் சங்கத்திடமும் சம்பளம் வாங்குவதில்லை என்று துணிந்து வாழ்ந்த தமிழர் அவர். 1857க்குப் பின் அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுந்த எழுப்புதலின் செய்திகள் அவரை எட்டின. 1860இல் அவர் சபைகளிலேயே அத்தகைய ஒன்று நிகழ்ந்தது. பாவ அறிக்கையும் கண்ணீரும் பெருகின. தரிசனங்களும் அந்நிய பாஷையும் எழுந்தன. சபையில் வாய் திறவாதிருந்த பெண்களும் சிறுவரும் பேசினர். கூலி பெறாத ஊழியர் பலர் ஊர்களுக்குப் புறப்பட்டனர். மேனாட்டு மிஷனரி ஒருவரும் மேய்த்து நடத்தாமல், தமிழ் மண்ணிலேயே முளைத்த இயக்கம் அது. அந்நாளைய மிஷனரிமாருட் சிலர் அதில் நன்மையையும் மிகையையும் ஒருங்கே கண்டனர்.

அதன் அலைகள் மேற்கே திருவிதாங்கூர் வரை சென்றன. 1870களில் அங்கே எழுந்த எழுப்புதலில் முன்னின்ற யுஸ்தூஸ் யோசேப்பு என்னும் வித்துவான்குட்டி, பிராமண குலத்திலிருந்து வந்தவர். இன்றும் மலையாள சபைகள் பாடும் பாடல்களை இயற்றிய மெய்யான பக்தர். அவரும் அவரைச் சார்ந்தோரும் ஆண்டவர் 1881இல் திரும்பி வருவார் என்று காலம் குறித்தனர். ஆண்டு வந்தது, போயிற்று. அவர்களை நம்பிய எளியோரின் மனமுறிவை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தம் உண்டாகிறது. ஆனாலும் உணர்ச்சியே தடை, அமைதியே துணை என்று முடிவு கட்டுவாரோடு நான் சேரமாட்டேன். கிறிஸ்தியான்பேட்டையில் வாய் திறந்த பெண்கள் அதுவரை எவர் காதிலும் விழாதவர்கள். அவர்களைப் பேசவைத்தது வளர்ச்சி. காலம் குறித்தது தடை. முன்னது சபையில் மெலியோருக்கு இடம் உண்டாக்கிற்று. பின்னதோ சிலருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்னும் பெருமையை உண்டாக்கிற்று. எழுப்புதலின் வெப்பம் தணிந்த பிறகு அயலானுக்கு அதனால் கிடைத்தது என்ன என்று பார்ப்பதொன்றே அதை நிறுக்கும் தராசு.

துன்பத்தைப் பற்றிப் பேசும்போது, மேகமலையை விட்டு இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்குள் சற்றே போவது நலம். பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை இப்பள்ளத்தாக்கில் கம்பீரமாகப் படர்ந்திருக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்தூண்களின்மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலின் கீழ் குனிந்து நடந்தால், தலைக்கு மேலே கறுத்த குலைகள் தொங்கும். அறுவடை முடிந்து, கொடி சிலநாள் ஓய்ந்த பின்னர், கவாத்துக்காரர் கத்தரியோடு வருவார். சென்ற பருவத்தில் காய்த்து முற்றிய கிளை ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, அடியிலிருந்து நான்கு கணுக்களை எண்ணி, அதற்கு மேலுள்ளதை நறுக்கிவிடுவார். மெலிந்த கிளையாயின் ஒன்றோ இரண்டோ கணுவோடு நிறுத்துவார். அன்று மாலை அப்பந்தலைப் பார்ப்பவன் ஏதோ பாழ்பட்டது என்றே நினைப்பான். வெட்டிய முனையில் நீர் துளித்து நிற்கும். சில நாட்களில் கணுக்கள் விம்மும். நான்கு மாதத்தில் மீண்டும் குலை தொங்கும். இவ்வாறு ஆண்டுக்கு மூன்றுமுறை கூடக் காய்க்க வல்லது அக்கொடி. யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தை இங்கே பிரசங்கிக்கிறவர் விளக்கவுரை தேட வேண்டியதில்லை.

அந்தத் தோட்டத்தில் நான் கற்றது இரண்டு. கத்தரி கண்டபடி வெட்டுவதில்லை. வலிய கிளைக்கும் மெலிந்த கிளைக்கும் அளவு வேறு. எல்லோருக்கும் ஒரே உபவாசத்தையும் ஒரே விரதத்தையும் ஒரே கண்டிப்பையும் விதிக்கும் சபைத் தலைவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தல் இல்லாமல் கவாத்துக்குப் பயனில்லை என்பது மற்றொன்று. தாங்குவாரின்றித் தரையில் கிடக்கும் கொடியை வெட்டினால் அது அழுகும்; தாங்கும் சபையில்லாத ஆத்மாவின்மேல் வந்த துன்பம் அதைக் கசப்பாக்கும். டோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து காயமுற்று, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தும், அந்த அறையிலிருந்தே நூல் பல எழுதினார் என்பதை நாம் வியந்து சொல்கிறோம். அவரைச் சுற்றி அன்பு செய்த ஒரு பெருங்குடும்பம் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இதனாலேயே, கூலி குறைந்த தொழிலாளியிடம் போய்த் துன்பம் உன்னைச் சுத்திகரிக்கிறது என்று போதிப்பதை நான் வெறுக்கிறேன். கர்த்தருடைய கத்தரி வேறு, நிறுவையில் கை வைக்கும் கங்காணியின் பேராசை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற போதனை கர்த்தரையே அவமதிக்கிறது.

செழிப்பை ஆசீர்வாதத்தின் அளவுகோலாக்கும் போதனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று கேட்ட குடும்பம், தீராதபோது தன் விசுவாசத்தையே சந்தேகிக்கிறது. அக்குடும்பத்தின் கண்ணீருக்குப் போதித்தவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். குடிப்பழக்கம் வெளிப்படையான தடை. மலையிலும் பள்ளத்தாக்கிலும் அதன் அழிவை அறியாதார் இல்லை.

இனி, தடைகளிலெல்லாம் பெரிய தடை எதுவென்று முதலிற் குறிப்பிட்டேனோ, அதற்கு வருகிறேன். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இந்நாட்டு ஆசாரங்களை மதித்து நடந்த பேரறிஞர். அவர் குல ஆசாரத்தைச் சமூக வழக்கமென்று கருதி இடம் கொடுத்தார். உயர்குலத்தாருக்கு ஒருவகைக் குருமாரும் ஒடுக்கப்பட்டோருக்கு வேறுவகைக் குருமாரும் என்னும் ஏற்பாடு பின்னர் வளர்ந்தது. சீர்திருத்த சபைகளும் தப்பவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அறவே நீக்கும்படி நிருபம் எழுதியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினரேயன்றிச் சாதியை விட்டு விலகவில்லை. இனிய கீர்த்தனைகளைப் பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் அந்நிருபத்தை எதிர்த்து நின்றார் என்பதை எழுதும்போது என் கை தயங்குகிறது. நம் பகுதியின் அமெரிக்க மிஷன், 1840களின் பிற்பகுதியில், தன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒருங்கே உண்ண வேண்டுமென்று கட்டளையிட்டபோது, வேதம் கற்றுத் தேர்ந்த உபதேசிமாரும் பசுமலைச் செமினரி மாணவரும் பலராய்ப் பிரிந்து போயினர். ஆண்டுக்கணக்கில் வேதத்தைப் படித்தவர்கள் அவர்கள், ஜெபத்திலும் குறைந்தவர்களல்லர். ஒரு தட்டுச் சோற்றின் முன்னே அவை யாவும் நின்றுவிட்டன. ஜெபமும் வேதவாசிப்பும் தாமாகவே வளர்ச்சியைத் தந்துவிடும் என்னும் எண்ணம் இங்கே உடைகிறது.

கத்தோலிக்கர் பக்கத்தில், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு சாதியாரும் பீடத்தைப் பார்த்தும் ஒருவரையொருவர் பாராதபடி கோயிலைக் கட்டி இடையே சுவரும் எழுப்பினர். 1910இல் இயேசு சபைக் குருவாகிய கௌசானல் அடிகள் அச்சுவரை இடிப்பித்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றும் சுவர் மீண்டும் எழவில்லை. கல்லால் ஆன சுவரை இடிக்க ஒரு குருவானவரின் துணிவு போதுமாயிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஓடும் வேலியும், தேர் எந்தத் தெருவுக்குள் வராது என்னும் எழுதாத சட்டமும், திருமணப் பேச்சில் முதற் கேள்வியாக வரும் சாதியும் அத்தனை எளிதில் இடியவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளைக் கிறிஸ்தவர்களுக்கு மறுத்தது. ஆகவே ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவன் ஒருவன், அரசாங்கத்தின் முன்னே தன் சாதியை இழந்தவனாகவும் சபையின் முன்னே அதை இழக்க முடியாதவனாகவும் நிற்கிறான். இந்நிலையில் அவனிடம் சென்று உன் ஆத்மா வளர்கிறதா என்று கேட்கும் உரிமை எவருக்கு உண்டு? அவனைத் தள்ளிவைத்தவனுடைய ஆத்மாவின் நிலையையே முதலில் விசாரிக்க வேண்டும். திருவிருந்தில் அவனுக்குப் பின் கிண்ணத்தை ஏந்த மறுக்கிறவன் எவனும் அவ்விருந்தினால் வளரவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தன் சகோதரனோடு ஒப்புரவாகும்வரை காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போகும்படி ஆண்டவர் கட்டளையிட்டது இதைக் கருதியே.

மலைத் தோட்டங்களில் சாதி இல்லையென்று நான் கூற மாட்டேன். ஆயினும் லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே மழையில் ஒரே வரிசையில் நின்று கொழுந்து பறித்தவர்களிடையே அது வேரூன்ற மண் குறைவு. அந்த ஜெபக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நீளப் பாய். வந்தவர் வந்த வரிசையில் அமர்ந்தனர். ஆராதனை முடிந்ததும் அலுமினியச் சட்டியில் வந்த கடுங்காப்பியை எல்லோரும் இருக்கிற நாலைந்து குவளைகளிலேயே மாற்றி மாற்றிக் குடித்தனர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து விதி. அந்த மூதாட்டிக்கு அந்நாள் நெருங்கியிருந்தது. பள்ளத்தாக்கிலே, தம் கணவர் பிறந்த ஊருக்கு இறங்கிப் போக இருந்தார். அவ்வூரில் மலைக்கூடத்தைப் போல் பத்து மடங்கு பெரிய கோயில் உண்டு, மணிக்கூண்டு உண்டு, குருவானவரும் அங்கேயே இருக்கிறார் என்று நான் மகிழ்ச்சியோடு எடுத்துச் சொன்னேன். அவர் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோயில்ல நம்ம தெரு ஆளுக எங்கிட்டுய்யா உக்காருவாக?"

அந்த ஊரை நான் அறிவேன்; கோயிலின் இடப்பக்கத்துச் சிறு வாசலையும் அறிவேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.